ஓட்டல் பீன்ஸ் பொரியல் ரகசியத்துக்கு 2,198 ரூபாய்: நான் ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாதீர்கள்

முதலிலேயே கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அறிமுக வகுப்புக்கு 49 ரூபாய். முழு வகுப்புக்கு 1,499 ரூபாய். 'தொடக்கப் பெட்டி' என்ற பெயரில் வந்த பொடிக்கு 650 ரூபாய். ஆக மொத்தம் 2,198. கைக்கு வந்தது கண்ணைக் கூசும் பச்சையில் ஒரு சட்டி பீன்ஸ் கூழும், முகவரி இல்லாத ஒரு பொட்டலமும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது தனி.

பீன்ஸுக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். மதுரையில் என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அங்கே பீன்ஸ் பொரியல். ஒன்றோடொன்று ஒட்டாமல், ஈரம் சொட்டாமல், பச்சை மாறாமல், மேலே தேங்காய்ப் பூ உதிரியாகக் கிடக்கும். சாம்பார் சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொள்வதற்குப் பதில், அதற்குச் சாம்பார் சாதத்தைத் தொட்டுக்கொண்டவன் நான். உரிமையாளருக்கு வயதாகி, சென்ற ஆண்டு மெஸ்ஸை மூடிவிட்டார். இந்த நேரம் பார்த்து என் மனைவி மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் ஓசூருக்குப் போய்விட்டார். நானாகச் செய்த பீன்ஸ் ஒவ்வொரு முறையும் பழுப்பேறி, தண்ணீர் விட்டுக்கொண்டு, பத்தியச் சாப்பாடு மாதிரி வந்தது.

அந்த நிலையில்தான் கைபேசியில் அந்த விளம்பரம் வந்தது. 'பீன்ஸ் பொரியலில் ஓட்டல்காரர்கள் உங்களிடம் மறைக்கும் 3 ரகசியங்கள். நேரலை வகுப்பு. 49 ரூபாய் மட்டும்.' ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு. கட்டினேன்.

49 ரூபாய் வகுப்பில் முக்கால் மணி நேரம் ரகசியம் இருக்கிறது என்று சொன்னார்களே தவிர, ரகசியத்தைச் சொல்லவில்லை. முழு வகுப்பில் சேர்ந்தால்தான் அது வெளியே வருமாம். "இன்று இரவு 12 மணிக்குள் கட்டுபவர்களுக்கு 1,499, நாளை 4,999" என்று திரையின் ஓரத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. மறுநாள் காலையில் பார்த்தபோதும் அதே கடிகாரம் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நான் முந்தைய இரவே கட்டியிருந்தேன்.

நேரலை என்று சொன்னார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. சமைப்பவரின் முகம் கடைசி வரை தெரியவில்லை, கை மட்டும்தான். தாளிக்கும்போது இரண்டு காது வைத்த இரும்புக் கடாய். பீன்ஸைக் கொட்டியதும் அது கைப்பிடி வைத்த நான்ஸ்டிக் சட்டியாக மாறியது. நறுக்கியபோது பொடிப்பொடியாக இருந்த காய், தட்டில் பரிமாறும்போது ஒரு விரற்கடை நீளத்துக்குச் சாய்வாக வெட்டியதாக இருந்தது. எங்கெங்கோ எடுத்த காட்சிகளை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு இரண்டாம் முறை பார்த்தபோதுதான் புரிந்தது. முதல் முறை பார்க்கும்போது நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

ரகசியம் ஒன்று: கால் கிலோ பீன்ஸுக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. ரகசியம் இரண்டு: மூடி போட்டு வேகவைப்பது. ரகசியம் மூன்று: அவர்களுடைய பொடி. அந்தப் பொடியைத் தனியாக 650 ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்பது மூன்றாம் ரகசியத்துக்குள் இருந்த நான்காம் ரகசியம். இரண்டாம் பாடம் சைனீஸ் பீன்ஸ் என்றார்கள். சீனாவின் சிச்சுவான் பக்கத்தில் பீன்ஸைத் தோல் சுருங்கும்வரை எண்ணெயில் வாட்டி, காய்ந்த மிளகாயும் அந்த ஊர் மிளகும் போட்டுப் பிரட்டுவார்கள். அதற்கென்று ஒரு பக்குவம் உண்டு. இவர்கள் அதே சட்டி, அதே சோடா, அதே பொடி, மேலே கொஞ்சம் சோயா சாஸ் என்று முடித்துவிட்டார்கள். போதாக்குறைக்கு "இரண்டே நிமிடம், பாதி பச்சையாக எடுத்துவிடுங்கள்" என்று வேறு சொன்னார்கள். பீன்ஸில் லெக்டின் என்ற பொருள் இருக்கிறது. சரியாக வேகாமல் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். நறுக்கென்று இருப்பது வேறு, வேகாமல் இருப்பது வேறு. சமையல் சொல்லிக்கொடுக்கக் கூலி வாங்குபவருக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டாமா?

பொடி ஐந்தாம் நாள் வந்தது. பழுப்பு நிற உறை, அதன்மேல் பச்சை இலை போட்ட ஒட்டுவில்லை. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை, தயாரித்த நாள் இல்லை, எடை இல்லை, முகவரி இல்லை. பொட்டலத்தில் அடைத்து விற்கும் எந்த உணவுப் பொருளிலும், மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அதுவும் இல்லை. அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். பசி கண்ணை மறைத்தது.

சொன்னபடியே செய்தேன். மூடியைத் திறந்ததும் திகைத்துப்போனேன். அப்படி ஒரு பச்சையை நான் பிளாஸ்டிக் குடத்தில்தான் பார்த்திருக்கிறேன். கரண்டியை விட்டால் காய் நசுங்கியது. ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினேன். தோல் தனியாக வழுக்கிக்கொண்டு வந்தது, உள்ளே வழவழவென்று பசை. வாயில் வைத்தால் சோப்புத் தண்ணீர் மணம், அதன் பின்னால் நாக்கைச் சுண்டும் ஒரு உப்பு.

அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு நான் முதலில் சந்தேகப்பட்டது, பாவம், மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் எனக்குக் காய் கொடுத்த அம்மாவை. காய்கறிக்கு மாலகைட் கிரீன் என்ற சாயம் பூசுவது பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைக் கண்டுபிடிக்க எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லும் எளிய சோதனை ஒன்று உண்டு. பஞ்சை லிக்விட் பாரஃபின் என்ற நிறமற்ற எண்ணெயில் நனைத்துக் காயின் மேல்தோலில் தேய்க்க வேண்டும். பஞ்சு பச்சையானால் சாயம். மீதமிருந்த பீன்ஸில் ஏழெட்டை எடுத்துத் தேய்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அந்தப் பொடியில் ஒரு சிட்டிகையை மேலே தூவினேன். கலக்கவில்லை. பொடி இறங்க இறங்க, அதிலிருந்து பச்சை நூல்கள் கீழ்நோக்கிப் பிரிந்துகொண்டே போயின. ஐந்து நிமிடத்தில் டம்ளர் முழுவதும் கிளிப்பச்சை. மசாலாப் பொடியில் செயற்கை நிறம் சேர்க்க நம் நாட்டில் அனுமதியே கிடையாது. எத்தனை பேர் இதைக் குழந்தைக்கு ஊட்டியிருப்பார்களோ.

பொடியைத் தனியாகச் சுவைத்தும் பார்த்தேன். உப்பு, சர்க்கரை, பூண்டுப் பொடி, பிறகு அஜினமோட்டோவின் அந்த அறிமுகமான இனிப்புக் கலந்த ருசி. அஜினமோட்டோ விஷம் என்று சொல்லும் கட்சி நான் அல்ல. எந்த மளிகைக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைப்பதை, பரம்பரை ரகசியம் என்று 650 ரூபாய்க்கு விற்றதைத்தான் சொல்கிறேன்.

சோடாவின் கதையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் குறிப்பு பல வாய்களில் சுற்றுகிறது. இலைக்கும் காய்க்கும் நிறம் தரும் பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம் இருக்கிறது. வேகும்போது காயிலிருந்தே வெளிவரும் அமிலம் அந்த மெக்னீசியத்தைக் கழற்றிவிடும். அதனால்தான் பழுப்பேறுகிறது. சோடா அமிலத்தை அடக்கிவிடுவதால் பச்சை நிற்கும், அதுவரை உண்மை. ஆனால் காயின் செல் சுவரைக் கட்டி வைத்திருக்கும் பொருளையும் அதே சோடா கரைத்துவிடுகிறது. வைட்டமின் சி, பி1 இரண்டும் விரைவாக அழிகின்றன. இவர்கள் சொன்ன மூடி வைக்கும் வித்தை இன்னும் கேடு. ஆவியோடு போக வேண்டிய அமிலம் மூடியில் பட்டுத் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டுகிறது. நிறத்தைக் கெடுக்க ஒரு வழி சொல்லிவிட்டு, கெட்ட நிறத்தை மறைக்கச் சோடாவும் போடச் சொல்லி, சாயமும் விற்கிறார்கள்.

குழுவில் படத்தோடு கேட்டேன். "சார், நீங்கள் சோடாவைக் கூடுதலாகப் போட்டிருப்பீர்கள். இந்த நுணுக்கமெல்லாம் எங்கள் 2,999 ரூபாய் மேல்நிலை வகுப்பில் வருகிறது" என்று பதில் வந்தது. பொடியில் சாயம் இருக்கிறது என்று டம்ளர் படத்தையும் போட்டேன். அடுத்த நிமிடம் நான் குழுவில் இல்லை. என் எண்ணையும் தடுத்துவிட்டார்கள்.

பணத்தைத் திரும்பப் பெற முயன்றதில் நான் செய்த தவறுகள் மற்றவர்களுக்காவது உதவட்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தேன். மரியாதையாகப் பேசினார்கள், புகார் எண் கொடுத்தார்கள். எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் கேட்டார்கள். என்னிடம் இருந்தவை ஒரு கைபேசி எண்ணும், கியூஆர் கோடின் படமும்தான். அந்தக் கோடில் வந்த பெயர் விளம்பரத்தில் இருந்த பெயரே அல்ல, யாரோ ஒரு தனிநபர். பணம் அனுப்பும் முன் அந்தப் பெயரைத் திரை எனக்குக் காட்டியது. நான் பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன். இணையத்தில் விற்பவர் தன் சட்டபூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. காட்டாதவரிடம் காசு கொடுத்துவிட்டு விதியைப் படித்தேன். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு ஒன்பது நாள் கழித்து அழைத்தேன். போன பணம் அங்கிருந்து வேறு கணக்குக்கு மாறுவதற்குள் அழைத்தால்தான் கணக்கை முடக்க வழி இருக்குமாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே கிடையாது. ஆனால் யார்மேல் வழக்குப் போடுவது?

இத்தனைக்கும் பிறகு, நான் தேடிய பொரியல் எனக்குக் கிடைத்தது. திருமங்கலத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டுத் திருமணம். விடியற்காலையில் மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய், சமையல் மாஸ்டரின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மாஸ்டர் போடுகிறீர்கள், இவ்வளவு பச்சையாக இருக்கிறது?" என்றேன்.

"ஒன்றும் போடவில்லை அண்ணே. மூடி போடவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். பீன்ஸ் ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஒதுக்கிவிடுகிறார்கள். விதை புடைத்த காய் சாம்பாருக்குப் போகிறது. இரண்டு ஓரத்து நாரையும் உரித்து, எல்லாத் துண்டும் ஒரே அளவில் பொடியாக நறுக்குகிறார்கள். அண்டா நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் உப்பும் காயும். காய் விழுந்தும் கொதி அடங்காத அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும், வீட்டில் நாம் கஞ்சத்தனம் செய்வது இங்கேதான். ஐந்தாறு நிமிடத்தில் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தார். வெந்திருக்க வேண்டும், ஆனால் பல்லுக்குச் சின்னதாக எதிர்ப்புக் காட்ட வேண்டும். உடனே மூங்கில் கூடையில் வடித்து, வெள்ளை வேட்டித் துணியில் பரப்பி மின்விசிறியைப் போட்டுவிட்டார். ஆவி போய் மேல் ஈரம் காய்ந்தது. மெஸ் பொரியல் ஏன் தண்ணீர் விடவில்லை என்பது எனக்கு அந்தத் துணியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

தாளிப்பு பந்திக்குக் கொஞ்சம் முன்னால், பாகம் பாகமாக. காய்ந்த இரும்புக் கடாயில் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு சிவக்கும்வரை, கிள்ளிய வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை. காயைக் கொட்டி, பெரிய தீயில் இரண்டு பிரட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரை. அடுப்பை அணைத்த பிறகு தேங்காயும் பச்சை மிளகாயும் சீரகமும் தண்ணீர் இல்லாமல் ஒன்றிரண்டாக இடித்தது, மேலே ஒரு சுற்றுத் தேங்காய் எண்ணெய். எண்ணெயும் உப்பும் வீட்டுக் கணக்கைவிடத் தாராளம்தான், அதை அவர் மறைக்கவும் இல்லை. எனக்கு அவர் வாங்கிய கட்டணம், அரை மணி நேரம் தேங்காய் துருவித் தரச் சொன்னது.

வீட்டில் கால் கிலோவில் செய்து பார்த்தேன். வடிதட்டும் பழைய துண்டும் போதும். மெஸ் பொரியலில் பதினாறு அணாவுக்குப் பதினான்கு அணா தேறியது. ஓசூரிலிருந்து வீடியோ அழைப்பில் பார்த்த மனைவி, "தேங்காய் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம், என்னங்க" என்றார். வேறு குறை சொல்லவில்லை.

பொடிப் பொட்டலத்தை நான் எறியவில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரியைச் சோதிக்கக் கொடுக்க இடமிருக்கிறது. அதற்கான வேலையில் இருக்கிறேன். விற்றவர்களின் பெயரை இங்கே எழுதிப் பயனில்லை. ஒரே மாதத்தில் இரண்டு முறை பெயரை மாற்றிவிட்டார்கள், படம் மட்டும் அதேதான். பச்சை இலை ஒட்டுவில்லை, பின்னோக்கி ஓடும் கடிகாரம், 49 ரூபாய். இவை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். ஏற்கெனவே 49 ரூபாய் கட்டிவிட்டவர்கள் 1,499 கட்டும் முன் ஏழாவது நிமிடத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரும்புக் கடாய் நான்ஸ்டிக் சட்டியாக மாறுவது அங்கேதான் வருகிறது.