பழைய ஆல்பம் ஸ்கேன் பண்ணி ஃபேமிலி புக் போட்டுத் தர்ற கடை, சிவாஜிநகர், பெங்களூர்: அஞ்சுக்கு மார்க் போட்டா ஸ்கேனுக்கு 5, புக்குக்கு 2

கமர்ஷியல் ஸ்ட்ரீட் பின்னாடி சந்துல மாடியில இருக்கற கடை இது. பேரு போடல, குறையும் சொல்லப் போறேன், அந்தப் பசங்க பொழப்ப கெடுக்க இஷ்டமில்ல.

எங்க அண்ணி ஃபிலிப்பினோ வம்சம், பொறந்து வளந்தது கலிஃபோர்னியால ஸ்டாக்டன், அண்ணன கட்டிக்கிட்டு இப்ப அல்சூர்ல இருக்காங்க. ஊருக்குப் போனவங்க தாத்தா ஆல்பத்த கையோட கொண்டு வந்துட்டாங்க. கருப்பு அட்டை ஆல்பம், பாதி போட்டோ அட்டையோட ஒட்டிக்கிட்டு உரிக்கவே முடியாது. வேற கடைங்கள்ல வெடுக்குனு பிச்சிருப்பாங்க. இங்க ஒட்டினத அப்படியே விட்டுட்டு மேல இருந்து கேமராவுல எடுத்தாங்க, கழண்டதெல்லாம் 1200 டிபிஐல ஸ்கேன், அதுவும் நாம கேக்காமலே பின்பக்கத்தையும் சேத்து. அந்தப் பின்பக்கம் தான் தங்கம். பென்சில்ல இலோகானோன்னு ஒரு பிலிப்பைன்ஸ் பாஷையில பேரு, ஸ்டுடியோ முத்திரை, சிலதுல வருஷம். அத வச்சுத்தான் ஆல்பத்தையே வரிசைப்படுத்த முடிஞ்சுது.

தகராறு ஆரம்பிச்சது புக்குல.

ஆஸ்பராகஸ் வயல்ல ஒரு குரூப் போட்டோ இருக்கு. தண்டு தண்டா மண்ண கீறிக்கிட்டு வர்ற காய், நாள் பூரா குனிஞ்சு நீளக் கத்தியால அறுக்கணும். ஸ்டாக்டன் பக்கம் டெல்டாவுல மண்ணு கரிசல விட கருப்பு, பொடிப்பொடியா பறக்கும், உடம்புல பட்டா அரிப்பு தாங்காது, அதனால மூஞ்சி, கழுத்துன்னு துணிய சுத்திக்கிட்டு நிப்பாங்க. கடைக்காரங்க சாஃப்ட்வேர் அந்தப் புழுதிய பூரா போட்டோல விழுந்த கறைன்னு நெனச்சு தொடச்சு எடுத்துடுச்சு. பளபளன்னு ஐடி கம்பெனி டீம் அவுட்டிங் மாதிரி நிக்கறாங்க அத்தன பேரும். அண்ணி பாத்துட்டு ஒரு வார்த்தை பேசல, புக்க மூடி வச்சிட்டாங்க.

இன்னொண்ணுல தாத்தா கோட்டு சூட்டு போட்டு கார்ல சாஞ்சு நிக்கறாரு. கேப்ஷன் என்னன்னா "வெற்றிகரமான தொழிலதிபர்". அட சாமி. ஆறு நாள் வயல்ல வேல செஞ்சவங்க ஞாயித்துக்கெழம மெக்கின்டாஷ்னு அப்ப பேர் போன சூட்ட மாட்டிக்கிட்டு எல் டொராடோ தெருவுல, அதாவது லிட்டில் மணிலாவுல, நடப்பாங்க, காரு யாரோடதோ. போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிட்டா அம்மா அப்பா நிம்மதியா இருப்பாங்கல்ல.

எழுத்து வேலைக்கு இவங்க ஒரு டெம்ப்ளேட் வச்சிருக்காங்க போல, "நல்வாழ்வைத் தேடி அமெரிக்காவில் குடியேறினார்"னு ஆரம்பிக்குது. தாத்தா பிலிப்பைன்ஸ்ல இலோகோஸ் பக்கத்துல இருந்து முதல்ல போனது ஹவாய் கரும்புத் தோட்டத்துக்கு, அப்பறம் தான் கலிஃபோர்னியா. அப்ப பிலிப்பைன்ஸ் அமெரிக்கா கையில இருந்ததால உள்ள போக தடையில்ல, ஆனா குடியுரிமையும் கிடையாது. 1930 ஜனவரில கலிஃபோர்னியா வாட்சன்வில்லுல வெள்ளக்காரக் கும்பல் ஃபிலிப்பினோ ஆளுங்கள தேடித் தேடி அடிச்சுது, ஃபெர்மின் தொபேரான்னு 22 வயசுப் பையன சுட்டே கொன்னாங்க. 1934ல சட்டம் போட்டு வருஷத்துக்கு 50 பேருக்கு மேல வரக் கூடாதுன்னாங்க. வெள்ளக்காரப் பொண்ண கட்டவும் கலிஃபோர்னியால 1948 வரைக்கும் தடை. அதான் முதல் பாதி ஆல்பத்துல ஆம்பளைங்களா இருக்காங்க, பொண்ணே காணோம். இதெல்லாம் சொல்லாம "குடியேறினார்"னா என்ன அர்த்தம்? ஆள் புடிக்கற மேஸ்திரி வேற நடுவுல கமிஷன் அடிப்பான், எங்க அம்மா கேட்டுட்டு "இது நம்ம கங்காணி கத டா"ன்னாங்க.

பெரிய சண்ட ஒரு சாவு போட்டோவுக்கு. திறந்த சவப்பெட்டி, சுத்தி நாப்பது அம்பது பேரு கேமராவ பாத்து நிக்கறாங்க. கடைக்காரர் அத புக்குல சேக்கவே இல்ல. "மேடம், பொணம் இருக்கற படம் எதுக்கு, வீட்ல வைக்கற புக்கு, நல்லால்ல"ன்னு சொன்னாரு. அவர் மனசுல தப்பில்ல, ஆனா குடும்பம்னு யாரும் இல்லாம செத்தவருக்கு லாட்ஜ்னு சொல்ற அவங்க சங்கத்து ஆளுங்க காசு போட்டு அடக்கம் பண்ண போட்டோ அது. லெஜியோனாரியோஸ் டெல் ட்ரபாஹோ, டிமாஸ் அலாங் அப்படின்னு சங்கங்க இருந்துச்சு, சீக்கு சாவுன்னா அவங்க தான் வந்து நிப்பாங்க. இந்தப் போட்டோ கடல் தாண்டி பெத்தவங்களுக்குப் போகும், உங்க புள்ளைய அநாதையா விடலன்னு. அண்ணி அவருக்கு இத மெதுவா சொன்னாங்க, அரைகுறைத் தமிழ்ல. "சாரி மா, முழுப் பக்கமாவே போடறேன்"னு சொன்னாரு, போட்டும் குடுத்தாரு. அந்த மனுஷன் மேல மரியாத வந்தது அங்க தான்.

அப்பறம் 1965. கலிஃபோர்னியால திராட்சை விளையற டெலானோ ஊர்ல, ஃபிலிப்பினோ ஹால் வாசல்ல ஸ்ட்ரைக் போட்டோ, கோஷம் எழுதின தட்டியில இருக்கற எழுத்து படிக்கற அளவுக்கு பெருசு பண்ணிருக்காங்க, செம வேல. ஆனா கேப்ஷன்ல "சீசர் சாவேஸ் தொடங்கிய போராட்டம்". அண்ணிக்கு வந்துச்சு பாருங்க கோவம்! செப்டம்பர் 8ஆம் தேதி திராட்சைத் தோட்டத்த விட்டு வெளிய வந்தது லாரி இட்லியோங் கூட இருந்த ஃபிலிப்பினோ தொழிலாளிங்க, மணிக்கு 1.40 டாலர் கூலி கேட்டு. சாவேஸோட மெக்சிகன் சங்கம் சேந்தது 16ஆம் தேதி. அஞ்சு வருஷம் இழுத்து 1970ல தான் முடிஞ்சுது. வயசாகி தனியா நின்ன ஆளுங்களுக்கு 1974ல அங்கயே அக்பயானி வில்லேஜ்னு வீடு கட்டினாங்க, கடைசிப் பக்கம் அது தான்.

தாத்தா மட்டும் தப்பிச்சாரு, ரெண்டாம் உலக யுத்தத்துல அமெரிக்க ராணுவத்தோட ஃபிலிப்பினோ ரெஜிமென்ட்ல சேந்து பிலிப்பைன்ஸ் போனவரு அங்கயே பொண்ணு பாத்து கட்டிட்டு வந்துட்டாரு. அந்தக் கல்யாண போட்டோ ரீடச் நிஜமாவே அழகு, பாட்டியோட பட்டாம்பூச்சிக் கை வச்ச கவுன்ல ஒரு மடிப்பு கூட போகல.

போறவங்களுக்கு: ஸ்கேன் ஒரு போட்டோவுக்கு 40 ரூபா, பின்பக்கம் ஃப்ரீ, டிஃப் (தரம் குறையாத படம்) ஃபைலா பென் டிரைவ்ல கேட்டு வாங்குங்க, வாட்ஸப்ல அனுப்பறத நம்பாதீங்க. ரீடச் வேணாம், கலர் வேணாம்னு பில்லுலயே எழுத வைங்க. கேப்ஷன் நீங்களே டைப் அடிச்சு குடுங்க, திருத்தத்துக்கு பக்கத்துக்கு இவ்வளவுன்னு தனியா காசு கேப்பாங்க, எங்களுக்கு பாதி குறைச்சாரு. சொன்ன தேதிக்கு புக்கு வராது. வண்டி நிறுத்த இடம் கிடையாது, மெட்ரோல போயிடுங்க.