'திட்டம்' மாத இதழ்: சந்தா கட்டலாமா?

மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு நடத்தும் 'யோஜனா'வின் தமிழ்ப் பதிப்புதான் 'திட்டம்'. ஐந்தாண்டுத் திட்டங்களை மக்களிடம் கொண்டுசேர்க்க 1957 ஜனவரி 26 அன்று யோஜனா தொடங்கியது. முதல் தலைமை ஆசிரியர் எழுத்தாளர் குஷ்வந்த் சிங். 2015-ல், அந்தத் திட்டங்களைத் தீட்டிய திட்டக் குழு போய் நிதி ஆயோக் வந்துவிட்டது. பத்திரிகையின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

மாதம் ஒரு தலைப்பு என்பது இதன் பலம். ஒரு துறையின் திட்டங்கள், தொடங்கிய ஆண்டு, ஒதுக்கீடு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். குரூப் 1, யுபிஎஸ்சி எழுதுவோர் விடாமல் வாங்குவது இதற்காகத்தான். தமிழ் நடை பல இடங்களில் அரசாணை வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இது அரசின் குரல் மட்டுமல்ல என்று பழைய இதழ்களில் அச்சிட்டிருப்பார்கள். ஆனாலும் கட்டுரையாளரின் பதவியை முதலில் பாருங்கள். திட்டத்தை நடத்தும் துறையின் அதிகாரியே எழுதியிருந்தால் அது சாதனைப் பட்டியல்தான். பேராசிரியர் எழுதியிருந்தால் குறைகளும் ஓரளவு வரும். பயனாளியின் குரல் அரிது.

எண்களில்தான் வழுக்கும். கழிப்பறைத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2018 கடைசியில் கிராமப்புறங்களில் 95 சதவீதத்துக்கு மேலான வீடுகளுக்குக் கழிப்பறை வந்துவிட்டதாக அரசுக் கணக்கு சொன்னது. அதே ஆண்டின் பிற்பாதியில் வீடு வீடாகக் கேட்ட தேசிய மாதிரி ஆய்வின் 76-வது சுற்றிலோ கழிப்பறை வசதியுள்ள கிராமப்புறக் குடும்பங்கள் சுமார் 71 சதவீதம்தான். முன்னது அலுவலகங்களில் பதிவேறிய எண்ணிக்கை, பின்னது குடும்பத்தார் சொன்ன பதில். இதழில் பெரும்பாலும் முதல் வகைதான் இருக்கும். பணக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். ஒதுக்கீட்டுத் தொகை கண்ணில் பட்டால், அது பட்ஜெட் மதிப்பீடா (ஆண்டுத் தொடக்கத்தில் ஒதுக்கியது), திருத்திய மதிப்பீடா (இடையில் மாற்றியது), செலவான தொகையா என்று பட்ஜெட் ஆவணத்தில் சரிபாருங்கள். அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை இருந்தால் அதையும் பக்கத்தில் வையுங்கள்.

பல ஆண்டுகளாகத் தனி இதழ் 22 ரூபாய், ஆண்டுச் சந்தா 230 ரூபாய் என்றிருந்தது. இப்போதைய விலையைக் கேட்டுக்கொண்டு கட்டுங்கள். மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளத்தில் செலுத்தலாம். முதல் இதழ் வர வாரக்கணக்கில் ஆகும். சாதாரணத் தபாலில் காணாமல் போனால் தேட வழியில்லை, பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்படும் வரை அதற்குக் கூடுதல் கட்டணம் இருந்தது. சென்னைக்காரர்கள் பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் உள்ள விற்பனை நிலையத்திலேயே வாங்கிவிடலாம். தேர்வு எழுதாதவருக்குச் சந்தா தேவையில்லை. பட்ஜெட் இதழும், தனக்கு வேண்டிய துறையின் இதழும் போதும்.