பால்கனி மரப்பலகை: மூன்றரை வருஷத்துக்குப் பிறகு

சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்டில் இருக்கும் அக்கா ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: “தம்பி, உங்க பால்கனியில போட்டிருக்கீங்களே அந்த மரப்பலகை, பெட்டி 39 வெள்ளியிலேர்ந்து 25 வெள்ளிக்கு எறங்கியிருக்கு. வாங்கலாமா?” ஒரு வார்த்தையில் பதில் போட முடியவில்லை. நேற்றுக் காலை முழுக்க அந்தப் பலகைகளைப் பெயர்த்துக் கழுவியிருக்கிறேன், இடுப்பு இன்னும் வலிக்கிறது. எழுத்தில் சூடு தெரிந்தால் அதுதான் காரணம்.

எங்களுடையது ஈசூனில் ஐந்தாம் மாடி வீடு. திறந்த பால்கனி, 3.6 மீட்டருக்கு 1.5 மீட்டர். 30 சென்டிமீட்டர் சதுர அக்கேசியா மரப்பலகை கணக்காக 60 பிடித்தது, ஆறு பெட்டி. ஒன்றைக்கூட அறுக்க வேண்டியிருக்கவில்லை. ஆள் கூலி இல்லை, தரையில் ஓட்டை போடவில்லை. நானும் மகளும் ஒரு மதியத்தில் முடித்துவிட்டோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. பழைய வழவழப்புத் தரையில் மழை பெய்தால் வழுக்கும் என்று பயந்து, வாசற்படியில் நின்றபடியே கறிவேப்பிலை கிள்ளுவார். பலகை போட்ட மறுநாள் வெறுங்காலோடு உள்ளே போனவர், அன்றிலிருந்து விடியற்காலைக் காப்பியை அங்கேதான் குடிக்கிறார். நாற்காலி, துளசித் தொட்டி, மல்லிகைத் தொட்டி, மடியில் பூத்தட்டு. மேற்கு பார்த்த பால்கனி என்பதால் மாலை நான்கு மணிக்குப் பழைய தரையில் கால் வைக்க முடியாது. மரம் அப்படிச் சுடுவதில்லை. ஒரு அறை கூடினாற்போல் இருக்கிறது வீடு. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, அழகுக்காகத்தான் வாங்கினேன்.

நிறத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வாங்கும்போது தேன் நிறம். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உப்புத்தாள் தேய்த்து எண்ணெய் பூசினேன். வெயில் மரத்தின் மேல்பரப்பை அரிக்கும், மழை அதைக் கழுவிவிடும், அடியிலிருந்து சாம்பல் நிறம் தெரியும். வருஷத்தில் ஏறக்குறைய 170 நாள் மழை பெய்கிற ஊரில் எவ்வளவு எண்ணெய் பூசுவது? இரண்டாம் வருஷம் விட்டுவிட்டேன். இப்போது வெள்ளிச் சாம்பல். மல்லிகை இலைப் பச்சைக்குப் பக்கத்தில் தேன் நிறத்தைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அக்கேசியா நம்மூர்க் கருவேலத்துக்கு உறவு. கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் போட்ட ஜாதி. மரம் இன்னும் கல் மாதிரி இருக்கிறது.

பிரச்சினை மரத்தில் இல்லை. மரத்துக்கு அடியில் இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தட்டில்தான்.

அந்தத் தட்டு சின்னச் சின்னக் கட்டங்களாலான வலை. மழைத் தண்ணீர் அதன் வழியாக வடிந்து தரையின் வடிகால் ஓட்டைக்குப் போய்விடும் என்று கடையில் சொன்னார்கள். புதிதாக இருக்கும்போது போகத்தான் செய்தது. ஆனால் தொட்டி மண், கறிவேப்பிலைக் காம்பு, வாடி விழுந்த மல்லிகை மொட்டு, தூசி எல்லாம் மரச்சட்டங்களின் இடுக்கு வழியாக இறங்கி வலைக்கால்களைச் சுற்றி அடைந்துகொள்கின்றன. ஒவ்வொரு கட்டமும் ஒரு குட்டி அணை. மேலே நின்று பார்த்தால் தரை காய்ந்து சுத்தமாகத் தெரியும்.

முதல் வருஷ டிசம்பரில், தொடர்ந்து மழை பெய்து ஓய்ந்த வாரம், ஏதோ வாடை வருகிறதே என்று ஓட்டைக்குப் பக்கத்துப் பலகையைத் திருப்புளியால் நெம்பினேன். அடியில் தரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சேறு. ஒரு மூலையில் 20 காசு அகலத்துக்குத் தெளிந்த தண்ணீர். அதில் நூல் துண்டுபோல் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இருந்தது. நிழல் பட்டதும் நெளிந்து கீழே போனது.

கொசுப்புழு. அந்த அளவுத் தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். எங்கள் ஈசூன் வட்டாரத்தில் 2016லேயே வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய ஆண் கொசுக்களை விடத் தொடங்கினார்கள். அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. நாடு இவ்வளவு பாடுபடுகிறது, நான் என் தாயார் கால் வைக்கிற இடத்துக்கு அடியிலேயே டெங்கிக் கொசு வளர்த்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து தாழ்வாக இருக்கும் இரண்டு வரிசையை வாராவாரம் தூக்குகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறுபதையும். தூக்கித் தூக்கியே, பலகையோடு பலகையை இணைக்கிற அந்தப் பிளாஸ்டிக் கொக்கிகள் ஒடிகின்றன. வெயிலில் மொறுமொறுவென்று ஆகிவிட்டவை வேறு. இதுவரை 14 பலகைக்குக் கொக்கி இல்லை. வாசலை ஒட்டிய பலகை மிதிக்கும்போதெல்லாம் ‘டக்’ என்கிறது. நல்ல மரத்தை வைத்துக்கொண்டு, வாங்குகிறவர் கண்ணுக்குப் படாது என்பதற்காக அடியில் இப்படி ஒரு தட்டை மாட்டியிருக்கிறார்களே என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. மரம் 15 வருஷம் உழைக்கும்போல இருக்கிறது. தட்டு மூன்றைத் தாண்டவில்லை.

அக்கா, உங்களுக்கு என் பதில்: வாங்காதீங்க. 25 வெள்ளிக்கும் வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பால்கனி இல்லை, வெளிநடைபாதைதான் என்றால் இன்னும் வேண்டாம். அது பொது இடம், 1.2 மீட்டர் வழி விட வேண்டும், நகர மன்றத்தைக் கேட்காமல் தரையில் எதையும் போடக்கூடாது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஓட்டைக்கு மேலே வரும் பலகையை மட்டுமாவது மாட்டாமல் சும்மா வையுங்கள், மரச்சட்டத்தில் ஒரு கயிற்று வளையம் கட்டினால் ஒரு கையால் தூக்கலாம். தொட்டிகளைப் பலகை மேல் வைக்காதீர்கள், தனியாகக் கால் வைத்த தாங்கியில் வையுங்கள். மண் இறங்குவது பாதி குறையும்.

நேற்று அறுபதையும் வரவேற்பறைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, இத்தோடு சரி, குப்பைக்குத்தான் என்று முடிவு செய்திருந்தேன். வெறும் தரையைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டேன். அம்மா வாசற்படி வரை வந்து நின்றார். காலை உள்ளே வைக்கவில்லை. “எப்பப்பா திரும்பப் போடுவே?” என்று கேட்டார்.

இரண்டரை மணிக்கு ஆரம்பித்தேன். கொக்கி நன்றாக இருக்கிற 46 பலகையை நாற்காலி இருக்கும் பக்கமும் நடக்கிற வழியிலுமாகப் போட்டேன். ஒடிந்தவை ஓட்டைப் பக்கம் போயின. வாசல் பலகையை மாற்றிவிட்டேன், இப்போது சத்தமில்லை.

மாலையில் கடைக்குப் போய் 25 வெள்ளிக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தேன். அக்கா, நீங்கள் வாங்காதீங்க.