அமிகா 1200-இல் பிளிஸார்ட் 1230: நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

என் பழைய வீட்டுக் கணினியான அமிகா 1200-க்குள், அதன் வேகத்தைக் கூட்டும் பிளிஸார்ட் 1230 வேகப் பலகை குடியேறி நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. மாட்டிய வாரத்திலேயே எழுதியிருந்தால் வேகத்தைத் தவிர வேறெதையும் சொல்லியிருக்க மாட்டேன். இன்று நினைவகத்தையும் மின்சாரத்தையும் பற்றித்தான் அதிகம் சொல்லத் தோன்றுகிறது.

1992-இல் வந்த இந்தக் கணினியின் செயலி 14 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டோரோலா 68இசி020. நினைவகம் 2 மெகாபைட், முழுவதும் ‘சிப் ராம்’. படம் காட்டும் சில்லும் ஒலிச் சில்லும் செயலியும் அந்த ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். திரைக்கு முதல் உரிமை. செயலி வாளியோடு காத்து நிற்கும். வேகப் பலகை 50 மெகாஹெர்ட்ஸ் 68030-ஐக் கொண்டுவருவதோடு, செயலிக்கே சொந்தமான ‘ஃபாஸ்ட் ராம்’ என்ற தனிக் கிணற்றையும் வெட்டிக் கொடுக்கிறது. என் பலகையில் 32 மெகாபைட் ‘சிம்’ எனும் நினைவகப் பட்டை இருக்கிறது. கையில் பணம் குறைவென்றால் வெறும் ஃபாஸ்ட் ராம் பலகையே போதும் என்பேன். பழைய செயலியே ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகிவிடும். ஆனால் 8 மெகாபைட் கொண்ட மலிவான பலகைகள் பல, பக்கவாட்டில் அட்டை செருகும் பிசிஎம்சிஐஏ துளையோடு நினைவக முகவரிக்காக மோதும். கோப்புகளைக் கொண்டுவர அந்தத் துளையைத்தான் நம்பியிருக்கிறேன் என்பதால் அவற்றை நான் தொடவில்லை.

மாட்டுவது ஸ்குரூ டிரைவர் கேட்காத வேலை. கணினியைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினால் மதர்போர்டின் விளிம்பில் 150 தொடுமுனைகள் வரிசையாகத் தெரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தபோது துணி கறுத்துப்போனது. பிறகு இரண்டு கட்டைவிரல்களாலும் பலகையைச் சமமாகத் தள்ள வேண்டும். பாதியில் இறுகி நிற்கும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் கோணிக்கொள்ளும். எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் அது முழுதாக உள்ளே போய் அமர்ந்தது.

முதல் மாதம் மகிழ்ச்சியும் தலைவலியும் சேர்ந்தே வந்தன. அரை மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு திரை அப்படியே உறைந்துவிடும். சிம்மை மாற்றினேன், தொடுமுனைகளை மறுபடி துடைத்தேன், பலன் இல்லை. கடைசியில் ஃபிளாப்பி டிரைவுக்குப் போகும் மின்கம்பியில் மல்டிமீட்டரை வைத்தேன். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 4.7 காட்டியது. கணினியோடு வந்த பழைய பவர் சப்ளைக்குக் கூடுதல் சுமையைத் தாங்கத் தெம்பில்லை. புதிய பவர் சப்ளை போட்டேன். அன்றோடு உறைவது நின்றது. பலகையைக் குறை சொல்லித் திருப்பி அனுப்ப இருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

இரண்டாம் ஆண்டில் ஒலி ஒரு பக்கம் மங்கியது. மதர்போர்டின் மின்தேக்கிகள் கசியத் தொடங்கியிருந்தன. பற்றவைப்புக் கோலைத் தொட்டதும் எழுந்த மீன் கவுச்சியே அதை உறுதி செய்தது. எல்லாவற்றையும் மாற்றினேன். பலகை வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

அன்றாடப் பயன்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, தொடக்கக் கோப்பில் சேர்த்த ‘சிபியு ஃபாஸ்ட்ரோம்’ (CPU FASTROM) என்ற ஒரே வரி. அது ரோம் சில்லில் இருக்கும் 512 கிலோபைட் கிக்ஸ்டார்ட் என்ற இயங்குதள மென்பொருளை ஃபாஸ்ட் ராமுக்கு நகலெடுத்து அங்கிருந்தே ஓட்டுகிறது. சாளரங்களும் மெனுக்களும் விரல் பட்டதும் திறக்கின்றன. இதற்குச் செயலியில் எம்எம்யு எனும் நினைவக மேலாண்மைப் பகுதி வேண்டும். ஆகவே வாங்கும்போது சில்லின் மேலுள்ள எழுத்துகளைப் படியுங்கள். ‘68இசி030’ என்றிருந்தால் அதில் எம்எம்யு இல்லை. ஃபிரான்டியர் விளையாட்டில் முன்பு தத்தித் தத்தி நகர்ந்த கோள்கள் இப்போது சீராகச் சுழல்கின்றன. ஃபிளாப்பி விளையாட்டுகளை வன்தட்டிலிருந்து ஓட்டும் டபிள்யுஎச்டிலோட் என்ற மென்பொருள் வழியாக விளையாடும்போது, வட்டுகளின் நகல்கள் முழுவதும் முன்கூட்டியே ராமில் ஏறிவிடுவதால் இடையில் காத்திருப்பே இல்லை.

மாறாதவையும் உண்டு. சிப் ராமுக்கு எழுதும் வேகம் வினாடிக்கு 7 மெகாபைட் அளவோடு நின்றுவிடும். எந்தச் செயலியும் அந்தச் சுவரைத் தாண்டாது. 256 வண்ணங்களில் வொர்க்பெஞ்சை, அதாவது அமிகாவின் முகப்புத் திரையை, திறந்தால் சாளரங்கள் இன்னும் இழுபட்டே நகர்கின்றன. நான் 16 வண்ணங்களோடு நிறுத்திக்கொண்டேன். டூம் விளையாட்டும் இதே இடத்தில்தான் மூச்சு வாங்குகிறது: கணக்கிட்டு முடித்த ஒவ்வொரு புள்ளியையும் எட்டு அடுக்குகளாகப் பிரித்துத்தான் திரைக்கு அனுப்ப வேண்டும். சிறிய சாளரத்தில் விளையாடலாம். முழுத்திரையில் எனக்குப் பொறுமை இல்லை.

வெயில் காலத்தில் அடிமூடியைக் கழற்றிவைத்து, கணினிக்கடியில் இரண்டு ரப்பர் கட்டைகளை வைக்கிறேன். வேகம் பிடிக்காத சில பழைய விளையாட்டுகளுக்கு, கணினியை இயக்கும்போது விசைப்பலகையில் 2-ஐ அழுத்திப் பிடிக்கிறேன். பலகை ஒதுங்கிக்கொள்கிறது, பழைய 020 அதே நிதானத்தோடு எழுந்துவருகிறது.