பட்டறையில் செய்த உலர்புல் கட்டு அடுக்கி: ஓர் உழவரின் மதிப்பீடு

சிறு கட்டு என்று நாம் சொல்லும் உலர்புல் கட்டு ஏறத்தாழ 35 செ.மீ. உயரமும் 45 செ.மீ. அகலமும் 90 செ.மீ. நீளமும் கொண்டது, புல்லின் வகையையும் கட்டின் இறுக்கத்தையும் பொறுத்து 18 முதல் 27 கிலோ வரை எடையிருக்கும். ஒரு கட்டைத் தூக்குவது யாருக்கும் பெரிய வேலை அல்ல. ஆனால் வயலில் கிடப்பதை எடுத்து ட்ரெய்லரில் ஏற்றுவது, மேலே நிற்பவர் அதை வாங்கி அடுக்குவது, கொட்டகையில் இறக்குவது, பிறகு போராக அடுக்குவது என்று ஒரே கட்டு நான்கு முறை கைமாறுகிறது. இருபது கிலோ கட்டுகள் 500 இருந்தால் 10 டன். நான்கு முறை தூக்கினால் 40 டன். அதையும் மழை இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும். இந்தக் கணக்குதான் வெல்டிங் தெரிந்த உழவர் பலரையும் தங்கள் பட்டறையிலேயே கட்டு அடுக்கும் கருவி ஒன்றைச் செய்து பார்க்கத் தூண்டுகிறது.

பக்கத்து நிலத்துக்காரர் தம் பட்டறையில் செய்து, தம் வேலை முடிந்ததும் எனக்கும் கொடுத்து உதவும் அத்தகைய கருவி ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. புல்லை அழுத்திக் கட்டாகக் கட்டும் இயந்திரமான பேலருக்குப் பின்னால் இழுபட்டு வந்து, எட்டெட்டுக் கட்டுகளாகச் சேர்த்துத் தரையில் விட்டுச் செல்லும் சறுக்குச் சட்டம் ஒன்று; டிராக்டரின் முன்புறம் பாரம் தூக்கும் கையான லோடரில் மாட்டி, அந்த எட்டுக் கட்டுகளையும் ஒரே பிடியில் தூக்கி அடுக்கும் கொக்கிச் சட்டம் மற்றொன்று. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேச முடியாது. முதலாவதைத் தயங்காமல் பாராட்டுவேன். இரண்டாவதைச் சில கட்டாயமான திருத்தங்களோடு மட்டுமே பரிந்துரைப்பேன்.

சறுக்குச் சட்டத்தில் மோட்டாரும் இல்லை, ஹைட்ராலிக் சிலிண்டரும் இல்லை. பேலரிலிருந்து வெளிவரும் கட்டைப் பின்னால் வரும் அடுத்த கட்டு தள்ள, அந்தத் தள்ளலே முழு வேலையையும் செய்துவிடுகிறது. சட்டத்தின் உட்புறம் ஸ்கொயர் டியூபால் நான்கு தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு தடத்தில் இரண்டு கட்டுகள் நிறைந்தவுடன், நுழைவாயிலில் உள்ள திருப்புக் கதவு கட்டின் உரசலாலேயே அடுத்த தடத்துக்கு நகர்ந்து அங்கே தாழிட்டுக்கொள்கிறது. நான்காவது தடத்தின் கடைசிக் கட்டு உள்ளே வந்து ஒரு நெம்புகோலை அழுத்தும்போது பின்கதவின் தாழ் விடுபடுகிறது. கட்டுகளின் அடிப்பக்கம் அரிதாளில், அதாவது அறுத்த புல்லின் அடித்தாளில், உரசிப் பிடித்துக்கொள்வதால், சட்டம் மட்டும் முன்னே நகர்ந்து எட்டுக் கட்டுகளும் ஒரே தொகுதியாகத் தரையில் நின்றுவிடுகின்றன. பின்கதவு தன் எடையாலேயே திரும்ப மூடிக்கொள்ள, ஸ்பிரிங் ஒன்று திருப்புக் கதவை முதல் தடத்துக்கு இழுத்து வருகிறது. ஓட்டுபவர் பேலரை நிறுத்த வேண்டிய தேவையே எழுவதில்லை.

இதைப் பட்டறையில் செய்வது நியாயமானது என்று நான் கருதுவதற்குக் காரணம், இதில் எந்தப் பாகமும் பெரிய விசையைத் தாங்கவில்லை என்பதுதான். ஒரு கீல் தேய்ந்தால் புதிய பின் போடலாம். ஒரு பட்டை வளைந்தால் சுத்தியலால் நிமிர்த்திவிடலாம். குறை என்று சொன்னால், திருப்புக் கதவின் ஸ்பிரிங்கைத் திறந்தவெளியில் வைத்திருப்பதைச் சொல்ல வேண்டும். அதில் புல்தூசு அடைந்துகொள்கிறது; அடைந்தால் கதவு பாதியிலேயே நின்று, அடுத்த கட்டு குறுக்கே சிக்கிக்கொள்கிறது. ஒரு தகரத் துண்டை மூடியாகப் போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சரிவான நிலத்திலும் கட்டுகள் தாழ்ந்த பக்கம் ஒதுங்குவதால் நெம்புகோல் நேரத்துக்கு முன்பே அழுந்திவிடுகிறது. இதை மாட்டிக்கொண்டு டிராக்டரைப் பின்னோக்கி எடுக்கவும் கூடாது.

எட்டு என்ற எண் ஏதோ தோராயமாக எடுத்துக்கொண்டதல்ல. 45 செ.மீ. அகலமுள்ள நான்கு கட்டுகள் பக்கம் பக்கமாக நின்றால் 180 செ.மீ.; 90 செ.மீ. நீளமுள்ள இரண்டு கட்டுகள் முன்பின்னாக நின்றால் அதுவும் 180 செ.மீ. ஆக, தொகுதி சரியான சதுரம். அதனால் ஓர் அடுக்கை நீளவாக்கிலும் அடுத்த அடுக்கைக் கால் திருப்பம் திருப்பிக் குறுக்குவாக்கிலும் வைக்க முடிகிறது. நடுக்கோட்டைத் தவிர கீழடுக்கின் மற்ற மூட்டுகளை மேலடுக்குக் கட்டுகள் மூடி நிற்பதால் பக்கத்துப் பக்கத்துக் கட்டுகள் எளிதில் விலகிச் சரிவதில்லை. கையால் போர் போடுபவர்கள் மாற்றி மாற்றி வைத்துப் பூட்டுவது எதற்காகவோ, அதை இந்தச் சதுரம் ஓரளவு செய்து கொடுக்கிறது.

ஆனால் கட்டின் நீளம் 90 செ.மீ. என்பதில் உறுதியாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். கட்டின் நீளத்தை அளப்பது, பேலருக்குள் புல்லின் மேல் உருளும் ஒரு பல்சக்கரம். அது குறித்த அளவை எட்டிய பிறகுதான் முடிச்சுப் போடும் பகுதி இயங்கும். புல்லோ, பேலரின் உந்துதண்டு முன்னே வந்து இடிக்கும் ஒவ்வோர் இடிக்கும் ஒரு மடிப்பாகவே உள்ளே வருகிறது. ஆகவே கட்டின் நீளம் ஒரு மடிப்பின் தடிமன் அளவுக்குக் கூடவோ குறையவோ செய்யலாம். 90 செ.மீ. கட்டு 10 இடியில் உருவானால் மடிப்பு 9 செ.மீ. தடிமனாக இருக்கும், 15 இடியில் உருவானால் 6 செ.மீ.தான். புல்வரிசையைச் சீராகக் கூட்டிவைத்து, டிராக்டரை நிதானமாக ஓட்டி, மடிப்பை மெல்லியதாக வைத்துக்கொண்டால் நீளமும் சீராகிறது. பேலரை விரட்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும். நீளமான கட்டு தடத்தின் கதவை முழுவதும் திரும்பவிடாது; குட்டைக் கட்டு தொகுதிக்குள் இடைவெளி விட்டு, தூக்கும்போது நழுவி விழும். கருவி சரியில்லை என்று குறை சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் கோளாறு கட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இனி கொக்கிச் சட்டம். 180 செ.மீ. சதுரச் சட்டத்தின் குறுக்கே உருளைத் தண்டுகள் பொருத்தப்பட்டு, ஒவ்வொரு தண்டிலும் வளைந்த கொக்கிகள் வரிசையாக நிற்கின்றன. சட்டத்தைக் கட்டுகளின் மேல் அழுத்தி வைத்து ஹைட்ராலிக் நெம்பைத் தள்ளினால், அடுத்தடுத்த தண்டுகள் எதிரெதிர்த் திசையில் சுழன்று, கொக்கிகள் இருபுறமிருந்தும் புல்லுக்குள் சாய்வாக இறங்குகின்றன. ஒவ்வொரு கட்டுக்கும் எதிரெதிராக இரண்டு கொக்கிகளாவது கிடைப்பதால் பிடி இறுக்கமாக அமைகிறது. கட்டுகள் பேலரிலிருந்து வரும்போது கயிறு மேற்புறமும் கீழ்ப்புறமும் ஓடும். ஆகவே கொக்கி இறங்கும் இடம் இரண்டு கயிறுகளுக்கும் நடுவில் அமைய வேண்டும். கருவியைச் செய்தவர் ஒரு கட்டை எடுத்துவந்து, கயிறு ஓடும் கோட்டைச் சுண்ணக்கட்டியால் சட்டத்தில் குறித்துக்கொண்டு, அதன்பிறகே கொக்கிகளுக்குத் துளை போட்டார். சட்டத்தை நேராக இறக்கினால் கயிறு அறுபடுவதில்லை.

கொக்கிகள் செய்யப்பட்ட விதம்தான் இந்தக் கருவியின் பலவீனம். பழைய கலப்பையின் ஸ்பிரிங் பல்லைச் சூடேற்றி வளைத்து, தண்டில் நேரடியாக வெல்டிங் வைத்திருந்தார்கள். ஸ்பிரிங் எஃகில் கரி கூடுதல். முன்கூட்டிச் சூடேற்றாமலும், வைத்த பிறகு மெல்ல ஆறவிடாமலும் அதில் பற்றவைத்தால், பற்று ஓடிய இடத்தை ஒட்டிய பகுதி கண்ணாடித் தன்மை அடைந்துவிடும். வெல்டிங் பார்ப்பதற்குப் பளபளவென்று நிற்கும். முறிவு அதற்கு ஒரு விரற்கடை தள்ளி நிகழும். இங்கும் அப்படித்தான் கொக்கிகள் முறிந்தன. பிறகு தண்டில் சாதாரண எஃகுக் கிண்ணங்களைப் பற்றவைத்து, கொக்கியை அந்தக் கிண்ணத்துக்குள் செருகி போல்ட் போட்டு இறுக்கும் முறைக்கு மாற்றினார்கள். அதன்பின் முறிவு நின்றது; ஒரு கொக்கி தேய்ந்தாலும் அதை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ள முடிகிறது. புதிதாகச் செய்பவர்கள் முதலிலேயே இந்த முறைக்குப் போய்விடுவது நல்லது.

முறிந்த கொக்கியைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். அதன் முனை கட்டுக்குள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும். மாடு தீவனத்தை நன்றாக மென்று பார்த்து விழுங்குவதில்லை; விழுங்கிய இரும்பு, தேன்கூடு போன்ற உட்சுவர் கொண்ட இரண்டாம் இரைப்பையில் போய்த் தங்கும். அந்த இரைப்பைக்கும் இதயத்துக்கும் இடையில் இருப்பது உதரவிதானமும் சிறிது இடைவெளியும்தான். கூரான துண்டு சுவரைத் துளைத்து முன்னேறினால் இதயத்தைச் சுற்றிய உறையில் சீழ் பிடித்து மாடு செத்துவிடும். கால்நடை மருத்துவர்கள் மாட்டுக்குக் காந்தத்தை விழுங்கக் கொடுத்து அந்த இரைப்பையில் தங்கவைப்பது இதற்காகத்தான். கறவை மாடு வைத்திருப்பவர் வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கொக்கி முனைகளை எண்ணிப் பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். ஒன்று குறைந்தால், அது தங்கிய கட்டைக் கண்டுபிடிக்காமல் போரில் ஏற்றக் கூடாது.

ஹைட்ராலிக் பகுதியில் சிக்கனம் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. 50 மி.மீ. உள்விட்டமுள்ள சாதாரண சிலிண்டரே 150 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 3 டன் விசையைத் தரும். புல்லுக்குள் கொக்கி இறங்க அதில் சிறு பங்கு போதும்; மீதி விசை இணைப்புப் பட்டைகளை வளைப்பதிலும் பின்களின் துளைகளை முட்டை வடிவமாக்குவதிலும் போய்விடுகிறது. அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றைச் சேர்த்திருந்தால் பட்டைகளின் ஆயுள் நீண்டிருக்கும். அதைவிட முக்கியமானது, ஹோஸ் வெடித்தாலும் கொக்கி திறந்துகொள்ளாதபடி சிலிண்டரின் வாயிலேயே பூட்டு வால்வு பொருத்துவது. அது இல்லாத கொக்கிச் சட்டத்தை நான் என் டிராக்டரில் மாட்ட மாட்டேன். எண்ணெய் கசியும் இடத்தைக் கையால் தடவித் தேடுவதும் பெரும் ஆபத்து: ஊசித்துளை வழியே பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிபோல்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தாலே கசிவு தெரிந்துவிடும்.

எட்டுக் கட்டுகளும் சட்டமும் சேர்ந்து 350 கிலோவைத் தாண்டும் பாரம், டிராக்டரின் முன்சக்கரத்துக்கு வெகுவாக முன்னால் நிற்கிறது. பின்புறம் எதிர்ப்பளு மாட்டாமல் ஆறாவது அடுக்குக்கு, அதாவது இரண்டு மீட்டருக்கும் மேலே, தூக்கினால் பின்சக்கரங்களின் பிடி குறைந்து, சிறு பள்ளத்தில் இறங்கினாலும் டிராக்டர் பக்கவாட்டில் சாய்ந்துவிடக்கூடும். பாரத்தைத் தாழ்வாக வைத்துக்கொண்டு நகர்ந்து, போரின் அருகில் வந்த பிறகே உயர்த்த வேண்டும். உயர்த்திய சட்டத்தின் கீழே யாரும் நிற்கக் கூடாது. செய்தவர் இதையெல்லாம் அறிந்தவர், எதிர்ப்பளுவுக்காக ஒரு சிமெண்ட் கட்டையையும் வார்த்து வைத்திருக்கிறார். இரவல் வாங்கிப் போகிறவர்கள் அந்தக் கட்டையை மறந்துவிட்டுப் போவதுதான் கவலையாக இருக்கிறது.

போரின் தரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கையால் அடுக்கும்போது அடியடுக்கைப் பக்கவாட்டில் நிறுத்தி, கயிறு தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்வோம். இந்தக் கருவியோ எல்லா அடுக்கையும் படுக்கையாகவே வைப்பதால் அடியடுக்கின் கயிறு தரையில் படுகிறது. சணல் கயிறாக இருந்தால் ஈரம் ஏறி இற்றுப்போகும். ஆகவே மரப்பலகைத் தட்டுகளின் மேல்தான் போர் எழ வேண்டும். மேலும், கருவி அடுக்கிய போரில் கட்டுகள் நெருக்கமாக உட்கார்ந்துவிடுவதால் காற்று புக இடம் குறைவு. 20 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள புல்லைக் கட்டி இப்படி நெருக்கி அடுக்கினால் உள்ளே சூடு ஏறும். நீளமான கம்பி வெப்பமானியைச் செருகிப் பார்த்து, 65 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அடிக்கடி கவனிக்க வேண்டும். 80 டிகிரியை எட்டினால் தீப்பிடிக்கும் நிலை வந்துவிட்டது என்று பொருள், தீயணைப்புத் துறையினர் வராமல் போரைக் கலைக்கக் கூடாது. முதல் சில வாரங்கள்தான் கண்டம்.

கம்பெனித் தயாரிப்புகளோடு ஒப்பிடுபவர்கள் நியூ ஹாலண்ட் நிறுவனத்தின் தானியங்கிக் கட்டு வண்டியைச் சொல்வார்கள். தரையில் கிடக்கும் கட்டைத் தானே பொறுக்கி, முதல் மேடையில் வரிசையாக்கி, இரண்டாம் மேடையில் அடுக்காக்கி, பின்தளத்தில் முழுப் போராகச் சேர்த்து, கடைசியில் தளத்தையே செங்குத்தாக நிமிர்த்திப் போரை இறக்கிவிட்டுப் போகும் இயந்திரம் அது. அதைப் பார்த்துப் பட்டறையில் நகல் எடுக்கும் முயற்சியை நான் ஊக்குவிக்க மாட்டேன். மேடைகள் ஒன்றையடுத்து ஒன்று எழும் நேர ஒழுங்கில் சற்றே பிசகினாலும் கட்டுகள் நசுங்கும். பல டன் பாரம் நிமிரும்போது பட்டறை வெல்டிங்கை நம்பி அருகில் நிற்பதும் அறிவுடைமை அல்ல.

அடுத்த பருவத்துக்குள் சறுக்குச் சட்டத்தை ஐந்து தடமாக அகலப்படுத்திப் பத்துக் கட்டுக் கருவியாக்கிவிடலாம் என்று பக்கத்து நிலத்துக்காரர் யோசித்துக்கொண்டிருக்கிறார். நான்கு தடத்தில் 180 செ.மீ. இருக்கும் அகலம் ஐந்து தடத்தில் 225 ஆகிவிடும், நீளம் மட்டும் 180-லேயே நிற்கும். அடுக்கை மாற்றிப் போட்டால் ஓரங்கள் பொருந்தாது. லோடரின் மேல் கூடும் பளு வேறு. நான்கு தடத்தை அப்படியே விட்டுவிட்டு, அந்த இரும்பில் திருப்புக் கதவின் ஸ்பிரிங்குக்கு ஒரு மூடி செய்து தாருங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.