பேரண்டத்தை மூன்று முறையாக ஓட்டியது: ஒரு பல்கலைக்கழகக் கணிப்பு மையச் சேவை

கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் நான், காவிரிப் படுகையில் உள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வு நிறுவனத்தின் கணிப்பு மையத்தைக் கட்டணம் செலுத்தும் வெளிப் பயனராக ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தி வருகிறேன். பேரண்டத்தில் கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் ஈர்ப்பினால் திரண்டு ஹாலோக்கள் என்னும் அடர்ந்த திரள்களாக உருப்பெறுவதைக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பது என் வேலை. இதே துறையில் இறங்க எண்ணும் கல்லூரி ஆசிரியர்களுக்கு உதவும் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

பக்கத்துக்கு 100 மெகாபார்செக், அதாவது ஏறத்தாழ 32.6 கோடி ஒளியாண்டு நீளமுள்ள ஒரு கனசதுரத்தில், பக்கத்துக்கு 256 வீதம் 1,67,77,216 துகள்களை வைத்து ஓட்டுகிறேன். ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 240 கோடி சூரியன்களின் நிறை கொண்டது. இவற்றுள் ஒவ்வோர் இணைக்கும் ஈர்ப்பைத் தனித்தனியே கணக்கிடப் புகுந்தால், ஒரே ஒரு காலப்படிக்கு, அதாவது நேரத்தை ஒரு சிறு அடி முன்னே நகர்த்த, 140 லட்சம் கோடி கணக்குகள் வேண்டும். 2005இல் வோல்கர் ஸ்பிரிங்கெல் விரிவாக விளக்கி வெளியிட்ட கேட்ஜெட்-2 என்ற இலவச நிரல், அருகிலுள்ள துகள்களை மரக்கிளை போன்ற அடுக்குகளாகவும் தொலைவிலுள்ளவற்றை ஒரு வலைக்கட்டமாகவும் தொகுத்துக்கொள்வதால்தான் இது எங்களைப் போன்றோரின் கைக்கு எட்டுகிறது. இந்த மையத்தின் 64 கோர்களில் (செயலிக் கருக்களில்) ஓர் ஓட்டம் முடிய ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகிறது. என் துறையின் பழைய கணினியில் இதை எண்ணிப் பார்க்கவே முடியாது.

வேகத்தில் குறையில்லை, காத்திருப்பதில்தான் சோதனை. தொடக்கத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று 48 மணி நேரம் கேட்டு ஜாப் (கணினிக்குத் தரும் வேலை) போட்டேன்; உள்ளூர் ஆய்வுக் குழுக்களின் பெரிய ஜாப்களுக்குப் பின்னால், கடைமடை வயல் தண்ணீருக்குக் காத்திருப்பதுபோல் அது நாள்கணக்கில் கிடந்தது. வரிசையைப் பராமரிக்கும் ஸ்லர்ம் மென்பொருள், பெரிய ஜாப் ஒன்று போதிய கோர்கள் காலியாவதற்குக் காத்திருக்கும் இடைவெளியில், அதைத் தாமதப்படுத்தாத சிறிய ஜாப்களை உள்ளே விடும் என்பதை மையத்தின் தொழில்நுட்ப உதவியாளர்தான் எனக்கு விளக்கினார். கேட்ஜெட்-2இல் நேர வரம்பைக் குறித்துவிட்டால், அதில் 85 விழுக்காடு கழிந்ததும் மறுதொடக்கக் கோப்புகளை எழுதிவிட்டுத் தானே நின்றுவிடும். எனவே ஆறு மணி நேர வரம்பு வைத்தேன். ஒவ்வொரு முறையும் 5 மணி 6 நிமிடம் அளவில் நிற்கும், அடுத்த ஜாப் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூன்று முறையில் முழு ஓட்டமும் முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் மறுநாள் மாலைக்குள்.

மென்பொருள் பக்கம் அவ்வளவு சொகுசு இல்லை. கேட்ஜெட்-2க்கு எஃப்எஃப்டிடபிள்யூ (FFTW) என்ற ஃபூரியர் உருமாற்ற நிரல் நூலகத்தின் பழைய இரண்டாம் பதிப்பு தேவை. மையத்தில் இருப்பதோ மூன்றாம் பதிப்பு மட்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. பழையதை என் கணக்கிலேயே தொகுத்து நிறுவிக்கொள்ளும்படி சொன்னார்கள், அதற்கு ஒரு வாரம் போயிற்று. இவ்வளவு பேர் பயன்படுத்தும் நிரலுக்கு இதையாவது பொதுவில் நிறுவி வைத்திருக்கலாம்.

சேமிப்பிடம் இன்னும் இறுக்கம். துகளுக்கு இடம், திசைவேகம், அடையாள எண் என 28 பைட் ஆகிறது. ஒரு காட்சிப்பதிவுக்கு, அதாவது ஒரு கணத்தில் எல்லாத் துகள்களின் நிலைக்கும், 470 மெகாபைட், 64 பதிவுகளுக்கு 30 ஜிகாபைட். எனக்கு ஒதுக்கியது 20. நள்ளிரவில் இடம் நிரம்பி ஓட்டம் செத்துப்போன பிறகே, தற்காலிகச் சேமிப்புப் பகுதி என ஒன்று தனியே உண்டென்று தெரிந்தது. புதிய பயனருக்குத் தரும் குறிப்பேட்டில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஐப்பசி மழையில் ஓர் இரவு மின்சாரம் போனபோது ஜெனரேட்டர் ஓடியும் குளிரூட்டி மீளவில்லை. வெப்பம் ஏறவே கிளஸ்டரை (இணைத்த கணினித் தொகுதியை) நிறுத்திவிட்டார்கள். இரண்டு மணிக்கொரு முறை மறுதொடக்கக் கோப்பு எழுத வைத்திருந்ததால் எனக்கு இழப்பு அதற்குள் அடங்கியது. வீணான கோர்-மணிகளை (கோர் எண்ணிக்கையை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கை) கடிதம் எழுதிக் கேட்டதும் கணக்கில் திருப்பி வைத்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் நிறுத்தியதை மின்னஞ்சலில் அறிவித்திருந்தால் நான் காலையில் பேருந்து பிடித்துப் போயிருக்க வேண்டியதில்லை.

கட்டணத்தில் ஓர் எச்சரிக்கை: நீங்கள் பயன்படுத்திய கோர்களுக்கு அல்ல, உங்களுக்காக ஒதுக்கப்பட்ட நோடுகள் (பல கோர்கள் கொண்ட தனிக் கணினிகள்) முழுமைக்கும் கணக்கிடுகிறார்கள். ஆகவே கோர்களின் எண்ணிக்கையை நோடுக்குப் பொருந்தும் மடங்கில்தான் கேட்க வேண்டும்.

பக்கத்துக்கு 512 துகள்கள் வரை இந்த மையம் தாங்கும் என்று கணிக்கிறேன். 1024 என்றால் துகள்கள் 107 கோடியைத் தாண்டும், ஒரு பதிவே 30 ஜிகாபைட் ஆகிவிடும். அதற்குத் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022இல் தொடங்கப்பட்ட, 838 டெராஃப்ளாப்ஸ் (வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்) திறனுள்ள ‘பரம் பொருள்’ என்ற மீக்கணினி போன்ற இயந்திரத்தைத்தான் நாட வேண்டும். என் 256க்கு அடுத்த ஆண்டும் இங்கேயே பணம் கட்டியிருக்கிறேன்.