தனியாக வாழும் மூத்தோருக்கு யார் துணை: பணிப்பெண்ணா, பராமரிப்பாளரா, தொண்டூழியரா?

அம்மாவுக்குக் கால் தடுமாறுகிறது, வீட்டில் தனியாக இருக்கிறார் என்றதும் நம் குடும்பங்களில் முதலில் எழும் பேச்சு, "ஒரு பணிப்பெண் எடுத்துவிடலாம்" என்பதுதான். எனக்கு இந்த அவசரத்தில் உடன்பாடில்லை.

பணிப்பெண்ணால் கிடைக்கும் பெரிய நன்மை, நடுராத்திரியில் கழிவறைக்குப் போகக் கைகொடுக்க ஆள் இருப்பது. படுக்கையிலேயே இருப்பவருக்கும் மறதிநோய் முற்றியவருக்கும் அது கட்டாயம் வேண்டும். வீட்டில் 67 வயது நிறைந்த சிங்கப்பூரர் இருந்தால் பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வையும் 300 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாகக் குறையும். சம்பளமும் சாப்பாடும் தனி. ஆனால் தானே சோறு வடித்துத் தானே குளிக்கும் பாட்டிக்கு ஆள் வைத்தால், அடுப்படி அவர் கையைவிட்டுப் போகும். நடமாட்டம் குறைந்தால் காலில் இருக்கிற கொஞ்ச வலுவும் போய்விடும். ஓரறை வீட்டில் இன்னொருவர் எங்கே படுப்பது?

அடுத்தது, குறித்த நேரத்துக்கு வீட்டுக்கு வரும் பராமரிப்பாளர். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது எல்லாம் செய்வார். வருமானத்தைப் பொறுத்து அரசாங்க மானியம் உண்டு. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேட்கலாம். வேலை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

மூத்த தொண்டூழியர் வருவது வேறு மாதிரி. ஆர்எஸ்விபி அமைப்பு 1998 முதல் மூத்தோரையே தொண்டூழியர்களாகத் திரட்டுகிறது. லயன்ஸ் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 1995 முதல் தனித்திருக்கும் மூத்தோரை வீடு தேடிச் சென்று பார்க்கிறது. பேட்டையில் மூத்தோருக்காக இருக்கும் துடிப்பாக மூப்படையும் நிலையத்திலும் கேட்கலாம். செலவில்லை.

ஏறக்குறைய சம வயதுக்காரர் என்பதால் அவர் கண்ணில் படுவதே வேறு. தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறப்பார், போன வாரத் தயிர் பிரிக்காமல் இருக்கும். மேசையில் பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரைப் பை அப்படியே கிடக்கும். "என்னக்கா, பிரஷர் மாத்திரை போடலையா?" என்று அவர் கேட்டால் பதில் வரும். "தலை சுத்துது, அதான் நிறுத்திட்டேன்." மகன் கேட்டிருந்தால் "போட்டேன்பா" என்று முடிந்திருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, இன்னும் நடமாடுகிறவருக்கு நான் தொண்டூழியரைத்தான் முதலில் சொல்வேன்.

குறையும் இருக்கிறது. அவர் குளிப்பாட்ட மாட்டார், தூக்கி உட்காரவைக்க மாட்டார். அவருக்கே முட்டி வலி வந்தால் அந்த வாரம் வரமுடியாது. மாற்று ஆள் யார் என்று முன்பே கேட்டுவிடுங்கள். பதியும்போதே "தமிழ் பேசுபவர் வேண்டும்" என்று சொல்வதும் முக்கியம். மொழி புரியாதவரிடம் தலைசுற்றலைப் பற்றி யார் சொல்வார்கள்?

குளிப்பது சிரமமானதும் பராமரிப்பாளரைச் சேர்த்துக்கொள்ளலாம், தொண்டூழியரை நிறுத்த வேண்டியதில்லை. இரவில் தனியாக விடமுடியாத நிலை வரும்போது பணிப்பெண்ணைப் பற்றி யோசிக்கலாம். அதற்கெல்லாம் முன்பே குளியலறையில் கைப்பிடி பொருத்திவிடுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு மூத்தோருக்கு வீட்டைப் பாதுகாப்பாக்கும் ஈஸ் (EASE) திட்டத்தில் செலவின் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்கிறது.